போகும்போது ரெண்டு, வரும்போது ஏழரை

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்குள் ஒரு பாகுபாடு உண்டு. நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களை அவர்கள் இரண்டு ரகமாகப் பிரிப்பார்கள். நடக்க முடியாதவர்கள் 'கால் சேர்'. மற்றவர்கள் 'வாய்ச் சேர்'. வாய்ச் சேர்காரர்களின் கால்கள் நன்றாகவே இருக்கும். மூன்று மாடி ஏறுவார்கள், மூட்டை தூக்குவார்கள். ஆனால் வெளிப் பாஷை வராது. எந்த வரிசையில் நிற்பது, எந்த வாசலில் நுழைவது என்று புரியாது. தூர ஊரில் இருக்கும் மகனோ மகளோ டிக்கெட் போடும்போதே 'சேர் தேவை' என்று குறித்துவிடுவார்கள். கேட்பது நாற்காலியை அல்ல, அதைத் தள்ளிக்கொண்டு வரும் ஆளை.

வாய்ச் சேர்காரர்களைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். உட்காருவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் படுக்கப் போகிறவர்கள் மாதிரி. உட்கார்ந்த பிறகும் முழு பாரத்தையும் கொடுக்க மாட்டார்கள். "கஷ்டமா இருந்தா நான் நடந்தே வந்துடறேன் தம்பி" என்று பாதி வழியில் ஒரு தரமாவது சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவனை எல்லோரும் ஸ்டியரிங் என்று கூப்பிட்டார்கள். இடது கையில் ஒரு நாற்காலி, வலது கையில் ஒரு நாற்காலி, இரண்டிலும் ஆள். நெரிசலுக்கு நடுவில் ஒரு கால் மீதுகூட ஏற்றாமல் நூல் பிடித்த மாதிரி கொண்டுபோவான். நாற்பத்துநாலு வயது. சட்டை எப்போதும் உள்ளே செருகியிருக்கும். அவனோடு வேலை பார்த்த இன்னொருவனுக்கு மாதம் ஒரு தரம் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அவன் பெயர் பஞ்சர். இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிக்கப் போனால், "வண்டி ரெடி, எஞ்சின்தான் இல்ல" என்பாள் சூப்பர்வைசர் அக்கா.

ஸ்டியரிங்கைத் தெரிந்தவர்கள் அவனை நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொன்னதில் தப்பில்லை. பதினைந்து வருஷமாக விமானத்தின் கதவு வரைக்கும் ஆட்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான். உள்ளே போய் உட்காருகிறவர்களைப் பார்த்து அவன் வயிறு ஒரு நாளும் எரிந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் இவன்தான் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, ஒடிங்க" என்று கை காட்டிக் கொட்டகையில் நிறுத்த உதவுவான். உலகத்தில் யார் நன்றாக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒருவனைத் தவிர. அது அவன் தம்பி.

தம்பி அவனைவிட நாலு வயது சின்னவன். கடல் தாண்டி, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெரிய ஊரில் லிஃப்ட் மெக்கானிக். அங்கே மனைவி, ஒரு பெண் குழந்தை. அம்மா இங்கே, பெரியவனோடு.

அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது ஸ்டியரிங். காஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வருவது ஸ்டியரிங். பாத்ரூம் குழாய் ஒழுகினால் ஈரத்தில் மல்லாந்து படுத்து முடுக்குவது ஸ்டியரிங். தம்பி எப்போதோ ஒருவர் கையில் ஒரு நகவெட்டி கொடுத்தனுப்பினான். அந்த நகவெட்டி பட்ட மரியாதையை ஸ்டியரிங் தன் பிறவியில் பட்டதில்லை. அதற்கு ஒரு துணிப்பை. அதை வேறு யாரும் தொடக் கூடாது. படியில் யாராவது எதிர்ப்பட்டால் அம்மா பேச்சோடு பேச்சாக விரலை நீட்டி, "சின்னவன் அனுப்பினது, வெட்டறதே தெரியல" என்பாள். நகம் வெட்டிய விரலைத்தான் காட்டுகிறாள் என்பதுகூட எதிரே நின்றவர்களுக்குப் புரியாது.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குத் தம்பி வீடியோவில் வருவான். ஏழரைக்கே அம்மா தலை வாரிக்கொள்வாள். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பாள். இங்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அங்கே தம்பியின் முதுகுக்குப் பின்னால் வெயில் தகதகவென்று அடிக்கும். அம்மா அதையும் அவன் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

"பாத்தியா, அவன் ஊர்ல பொழுதே சாயறதில்ல. ராசிக்காரன்."

"அங்க இப்ப சாயங்காலம் அஞ்சு மணிம்மா. நமக்கும் அவனுக்கும் மூணு மணி நேரம் வித்தியாசம்."

"நான் என்ன சொன்னேன், நீ என்ன சொல்ற. வெயில் இருக்கா இல்லையா?"

இருந்தது. என்ன செய்வது.

ஸ்டியரிங்கின் மனைவி ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். துணி கத்தரிப்பது போலத்தான் பேசுவாள். "உங்களுக்குத் தலை நரைச்சாச்சு. இன்னும் 'அவனுக்கு மட்டும் ரெண்டு முட்டை'ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறீங்க" என்றாள் ஒரு தடவை. அது சின்ன வயதில் உண்மையிலேயே நடந்தது. தம்பிக்கு இரண்டு முட்டை வைத்தாள் அம்மா, அவனுக்குக் காய்ச்சல் என்று. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டுதான்.

தம்பி அங்கே வீடு மாறினான். பழையதைவிடப் பெரியது, அம்மாவுக்கென்று தனி அறை. ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லி டிக்கெட்டும் போட்டு அனுப்பிவிட்டான். டிக்கெட்டை வாங்கிப் பார்த்த ஸ்டியரிங்குக்குக் கண்ணில் முதலில் பட்டது அந்தக் குறிதான். சேர் தேவை.

"அம்மாவுக்கு எதுக்குடா சேர்? காய்கறிக் கடைக்கு எனக்கு முன்னால நடக்கறவங்க" என்று போனில் கேட்டான்.

"வழி தெரியாம நின்னுடக் கூடாதில்லண்ணே, அதான்."

"இங்க நான் இருக்கேன்டா. என் ஏர்போர்ட்ல அம்மா வழி தெரியாம நிப்பாங்களா?"

"இறங்கற எடத்துல நீ இல்லியே."

ஸ்டியரிங் டிக்கெட்டை மடித்து அம்மாவிடமே கொடுத்துவிட்டான்.

கிளம்புகிற நாள், சூப்பர்வைசர் அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு அந்தச் சேரை அவனிடமே கொடுத்தாள். அம்மா மற்ற எல்லா வாய்ச் சேர்களையும் போலவே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு கையாலும் ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தள்ளினான். இதுவரை எத்தனையோ பேரின் அம்மாக்களைத் தள்ளியிருக்கிறான். அவர்கள் எல்லோரும் யாரோ ஒரு தம்பியிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வாசலுக்கு அருகே காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"யாரைப் பாக்கப் போறீங்க?"

"எம் பையன் அங்க இருக்கான்" என்று அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைக் கையால் காட்டினாள், அதற்குள்ளேயே அவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "லிஃப்ட் எல்லாம் அவன்தான் பாத்துக்கறான்."

அந்தப் பெண்மணி, பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றவனையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜாடை அப்படியே இருந்தது. "இவரு?"

"இவனா?" என்றாள் அம்மா. "இவன் இங்கதான் இருக்கான்."

காலை ஒன்பது மணிக்கு விமானம் கிளம்பியது. அன்று முழுக்க ஸ்டியரிங் இரண்டு நாற்காலி தள்ளவில்லை. ஒன்றுக்கே கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மா திரும்பி வந்தாள். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. விமானக் கதவருகில் நாற்காலியோடு காத்திருந்தவனைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அப்பாடா, இடுப்பே விட்டுப்போச்சு. என்ன தூரம்டா உன் வீடு."

விஷயம் இதுதான். போகும்போது அவள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தபோது போனில் மணி ஒன்பது. முந்தின நாள் படபடப்பில் தூக்கமில்லாததால் சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். இறங்கிப் போனைத் திறந்தபோது மணி பதினொன்று. போன்தான் போன இடத்து நேரத்துக்குத் தானாகவே மாறிக்கொள்ளுமே. திரும்பும்போது ஏறியது மதியம் பன்னிரண்டு. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது, கண்ணை மூட முடியவில்லை. இறங்கியபோது போன் காட்டியது ஏழரை. போகும்போது ரெண்டு மணி நேரம், வரும்போது ஏழரை மணி நேரம். அம்மாவின் கணக்கில் ஒரு பிசிறு கிடையாது.

ஸ்டியரிங்குக்கு உண்மை தெரியும். போவதற்கு ஐந்து மணி நேரம், வருவதற்கு நாலரை. அந்த அரை மணி நேரத்தின் கதையும் அவனுக்குத் தெரியும். ஒரு பைலட் லிஃப்டில் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு வந்ததை அவன் காதாரக் கேட்டிருக்கிறான். மேலே காற்று அங்கேயிருந்து இந்தப் பக்கமாகத்தான் அடிக்கிறது. போகிற விமானத்தின் மூஞ்சியில் அறையும். வருகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். நாற்காலி தள்ளுகிறவனுக்கு அது சட்டென்று பிடித்துப்போனது.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னான். "வர்றதுதாம்மா சீக்கிரம். காத்தே நம்ம வீட்டுப் பக்கமாத்தான் தள்ளுது."

"காத்தையும் கட்சியில சேத்துக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

அம்மா சிரிக்கவில்லை. "ஒம்பதுக்கு ஏறினேன். பதினொண்ணுக்கு எறங்கினேன். அஞ்சு மணி நேரம்னா மிச்ச மூணு மணி நேரம் எங்கடா போச்சு? கடல்ல விழுந்துடுச்சா?"

"அது அந்த ஊர் பதினொண்ணும்மா. நம்ம ஊர்ல அப்ப ரெண்டு மணி."

"நான் அந்த ஊர்லதானே எறங்கினேன்? நம்ம ஊர் மணி எனக்கு எதுக்கு?" என்றாள். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாவகாசமாக, "நீ ஏறியிருக்கியா? இல்லல்ல. ஏறினவ சொல்றேன், கேளு."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

இதோடு போயிருந்தால் வீட்டுச் சண்டையாகவே முடிந்திருக்கும். அம்மா அதை மாடிப்படி முழுக்கப் பரப்பினாள். "சின்னவன் வீடு கூப்பிடற தூரம். பெரியவன் வேலைக்குப் போற பஸ்ஸைவிட சீக்கிரம் போயிடறேன்" என்று கீழ் வீட்டில் சொன்னாள். இஸ்திரிக் கடையில் சொன்னாள். ஒரு நாள் பஞ்சர் வீட்டுக்கு வந்தபோது அவனிடமும் சொன்னாள். பஞ்சர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஏழரைன்னாலே அப்படித்தாம்மா, லேசுல விடாது" என்றான். அம்மாவுக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று.

கடைசியாக ஸ்டியரிங் தம்பியையே சாட்சிக்கு இழுத்தான். ராத்திரி எட்டு மணிக்கு, சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் குனிந்து, "டேய், நீயே சொல்லு. எவ்வளவு நேரம் ஃப்ளைட்டு?" என்றான்.

வெயிலில் நின்றுகொண்டு தம்பி சிரித்தான். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டு மணி நேரம். என்னம்மா?"

"அப்படிச் சொல்லு" என்றாள் அம்மா.

ஸ்டியரிங் எழுந்து போய் ஒழுகாத குழாயை முடுக்கினான்.

அந்தப் பேச்சிலிருந்துதான் அடுத்தது கிளம்பியது. அம்மா யோசிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் யோசனையில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. போவது சுலபம், வருவதுதான் உடம்பை முறிக்கிறது. அப்படியானால் அடிக்கடி வருகிற இடம் இதுவாக இருக்கக் கூடாது. அங்கே இருந்துகொண்டு, எப்போதாவது மனசு கேட்காதபோது இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனால் போயிற்று.

"இன்னொரு தரம் போறேன். ரெண்டு மாசம் இருந்து பாக்கறேன். ஒத்துப்போச்சுன்னா அங்கேயே இருந்துடறேன்டா பெரியவனே" என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. "பக்கம்தானே. உனக்கும் பாரம் குறையும்."

பாரம். அவனுக்கு அந்த இடத்தில் எதையாவது உடைக்கலாம் போல இருந்தது. கையில் இருந்தது தலையணை உறை. மடித்து வைத்தான்.

மனைவியிடம் சொன்னான். மனைவி தையல் எந்திரத்தில் நூல் கோத்தபடி, "போகாதேன்னு சொல்லுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

"அவன் என்ன நெனைப்பான்? பொறாமைப்படறான்னு நெனைக்க மாட்டானா?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

மறுவாரம் வேலையில் ஒரு வியாபாரி வந்தார். காலில் கட்டு, அடிக்கடி போய் வருகிறவர். நாற்காலியில் இருந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மணி தப்பாக இருந்ததை ஸ்டியரிங் மேலிருந்து பார்த்துச் சொன்னான்.

"தப்பில்ல, எங்க வீட்டு நேரம்" என்றார் அவர். "தானா மாறிக்கறதை நிறுத்தி வெச்சிருக்கேன். எங்க போனாலும் வீட்ல என்ன மணின்னு தெரியணும் எனக்கு." அவனுக்குக் காட்டவும் செய்தார். ஒரு பொத்தானை இடது பக்கம் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை அம்மா கிளம்பிய அன்று, வாசலருகே நாற்காலியை நிறுத்திவிட்டு, "போனைக் குடும்மா, சத்தத்தைக் குறைச்சுத் தர்றேன்" என்று வாங்கினான். திரும்பி நின்று பொத்தானைத் தள்ளினான். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனின் முகம். ஆனால் தான் போனைப் பொய் சொல்ல வைக்கவில்லை, உண்மை சொல்லத்தான் வைக்கிறோம் என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். அம்மா போய் இறங்குவாள். மணி இரண்டு காட்டும். ஐந்து மணி நேரம் என்று அவளுக்கே தெரியும். தூரம் தூரம்தான் என்று புரியும். அவனுக்கு வேண்டியது அவ்வளவே.

போய்ச் சேர்ந்த அன்று அம்மா போனில், "இந்தத் தடவை அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சுடா. வண்டிக்காரன் சுத்திக்கிட்டுப் போயிட்டான் போலிருக்கு" என்றாள். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் அடுத்த நாள் அவன் நினைக்காத ஒன்று நடந்தது. மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா. பதினைந்து வருஷத்தில் அவள் வேலை நேரத்தில் கூப்பிட்டதே இல்லை.

"மணி ஒண்ணே கால் ஆச்சே. சாப்பிட்டியா?"

"இப்பத்தாம்மா திறந்தேன்."

"அதான் நெனைச்சேன். சரி, சாப்பிடு."

வைத்துவிட்டாள். சாயங்காலம் அவன் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மறுபடி. "ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்திருப்பே. உட்கார எடம் கெடைக்கலேன்னா அடுத்த பஸ்ல போ. கால் வலிக்கும்." மூன்றாம் நாள், "எட்டு மணி ஆச்சே, பால்கனித் துணியை எடுத்தாச்சா?" அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அவளோ இங்கே துணி பனியில் நனைகிறதே என்று கவலைப்பட்டாள்.

ஸ்டியரிங் வேலையில் ஒரு தினுசாக நடக்க ஆரம்பித்தான். ஒரு நாள் மூன்று நாற்காலி தள்ள முயன்றான். "என்னடா, புது மாப்பிள்ளை மாதிரி இருக்க?" என்றான் பஞ்சர். "ஒண்ணுமில்ல, எங்கம்மா கூப்பிட்டாங்க" என்றான். அதைச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்ததை அவனே கவனித்தான். அக்காவிடம் சொன்னான். டீக்கடையில் சொன்னான். "எங்கம்மா தூரத்துல இருக்காங்க. ஆனாலும் நான் எத்தனை மணிக்கு என்ன பண்றேன்னு அத்துப்படி."

மூன்றாவது வாரம் தம்பி கூப்பிட்டான். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"அண்ணே, அம்மா போன்ல என்னண்ணே பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்னடா பண்ணேன்?"

"மணி மூணு மணி நேரம் முன்னால ஓடுது. அதைப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கறாங்க, அதைப் பாத்துட்டுத்தான் சாப்பிடறாங்க. விடியறதுக்கு முன்னாலயே பாத்திரம் உருட்டறாங்க, இவளுக்குத் தூக்கமே இல்ல."

"மாத்திடு."

"விட்டாத்தானே? கையை வெச்சா தட்டி விடறாங்க. 'பெரியவனுக்கு மணி என்னன்னு தெரிய வேணாமா'ங்கறாங்க. நீதான் வேணும்னே பண்ணியிருக்கேன்னு சொன்னேன். 'பண்ணட்டுமே'ன்னுட்டாங்க."

தம்பியின் குரல் கம்மியது.

"நான் எதிர்லயே உட்கார்ந்திருக்கேண்ணே. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே 'இந்நேரம் பெரியவன் பஸ்ல நின்னுக்கிட்டே வருவான், சீட்டு கெடைச்சிருக்காது'ங்கறாங்க. நான் என்ன செவுத்துல மாட்டின படமா?"

அந்தக் குரலை ஸ்டியரிங்குக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக அவன் தொண்டைக்குள்ளேயே இருந்த குரல். இப்போது அது கடல் தாண்டி இன்னொரு வாயிலிருந்து வந்தது. கேட்கக் கேட்க, வெந்நீரில் கால் வைத்த மாதிரி சுகமாக இருந்தது. "வயசானவங்கடா, அப்படித்தான் இருப்பாங்க. நீ பெருசா எடுத்துக்காதே" என்றான். தனக்கு எல்லோரும் சொன்ன அதே வார்த்தை.

சுகம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலி நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது அவனுக்கு உறைத்தது. அம்மா மாறவில்லை. மாறியது அவன் இருக்கும் இடம்தான். இப்போது தூரத்தில் இருப்பவன் அவன். அதனால்தான் அவனுக்கு இரண்டு முட்டை. அவள் திரும்பி வந்த மறுநாளே அவன் மறுபடி 'இங்கதான் இருக்கான்' ஆகிவிடுவான். அங்கேயே இருந்தால் தினமும் ஒண்ணே காலுக்கு போன் வரும். சாகும் வரைக்கும் வரும்.

அதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லும்படியான நினைப்பா அது.

சனிக்கிழமை அம்மா கேட்டுவிட்டாள். வழக்கமான சாப்பாட்டு விசாரணை முடிந்தது. ஆனால் அவள் போனை வைக்கவில்லை.

"பெரியவனே, நான் என்ன பண்ணட்டும்? இங்கேயே இருந்துடட்டுமா, வந்துடட்டுமா? நீ சொல்றதுதான்."

அவன் கையில் ஸ்பூன் இருந்தது. சுற்றிலும் சாப்பாட்டு அறைச் சத்தம். பஞ்சர் எதிரே உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இருந்துடும்மா என்று சொன்னால் போதும். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். பெருந்தன்மை என்றுகூடச் சொல்வார்கள். தம்பிக்கு ஆயுசு முழுக்க வயிறு எரியும்.

"வந்துடும்மா" என்றான்.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"வாயில சோறும்மா."

"மென்னுட்டுப் பேசு" என்றாள். "வர்றேன்."

அவள் வந்த அன்று, கதவருகே அவன் மட்டும்தான் நாற்காலியோடு நின்றான். மற்ற சேர்களைப் பஞ்சர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். வெளியே இருட்டிவிட்டது. ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக ஈரத்தில் கரைந்துகொண்டிருந்தன. அம்மா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். இந்தத் தடவை சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நேராக வந்து முழு பாரத்தையும் கொடுத்து உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது சரிதான்டா" என்றாள் உட்கார்ந்ததுமே. "போறதுக்கு அஞ்சு, வர்றதுக்கு நாலரை. வர்றதுதான் சீக்கிரம். கணக்குப் பாத்துட்டேன். இனிமே இங்கதான் இருப்பேன், எங்கயும் போறதா இல்ல."

எத்தனை மாதமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. மாடிப்படியில் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்ல வேண்டும் என்று ஏங்கிய வார்த்தை. அவன் குனிந்து அவள் மடியில் இருந்த போனைப் பார்த்தான்.

மணி நாலரை.

"அம்மா, போன்ல மணி தப்பா இருக்கும்மா. இப்ப ஏழரை."

"தெரியும். கெளம்பறதுக்கு முன்னால சின்னவன்கிட்டச் சொல்லி அவன் நேரத்துக்கு மாத்தச் சொன்னேன். மாறாம பூட்டியும் வெச்சுட்டான். சந்தோஷம் தாங்கல அவனுக்கு."

"இங்க வந்தாச்சே. குடு, நான் சரி பண்றேன்."

அம்மா போனைத் துணிப்பையில் போட்டு மூடிக்கொண்டாள். "கையை எடு. இங்க மணி என்னன்னு கேக்கறதுக்கு நீ இருக்கே. அவனுக்கு மணி என்னன்னு யாரைக் கேக்கறது?" பிறகு முன்னால் நீண்டிருந்த தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்நேரம் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறப்பான் பாவம். வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்றாள்.

அவன் தள்ளத் தொடங்கினான். பெட்டி வருகிற இடம் வரைக்கும் அம்மா சின்னவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவன் லிஃப்டின் மேல் ஏறி நிற்பதை நேரில் பார்த்தாளாம், நெஞ்சே நின்றுவிட்டதாம். இளைத்துவிட்டானாம். கிளம்பும்போது குழந்தையைவிட அவன்தான் அதிகம் அழுதானாம். மூக்கைக்கூடத் துடைக்கவில்லையாம்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. தம்பி. நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எடுத்தான்.

"அண்ணே, அம்மா வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"நல்லா வந்து சேந்தாங்களா?"

"ம்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

ஸ்டியரிங் அம்மாவின் தலையைப் பார்த்தான். வகிடு நேராக எடுத்து, யாரோ பொறுமையாகப் பின்னிவிட்டிருந்தார்கள்.

"ஒண்ணும் சொல்லலையேடா" என்றான்.

"யாருடா போன்ல?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"வேலை விஷயம்மா" என்று சொல்லிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தள்ளினான்.